காட்டுவதற்கு ஒரு கல்

கல்லைக் கண்ணால் பார்க்காமல் தூத்துக்குடிக்காரர் யாரும் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போனதில்லை. கண்புரையை எடுத்தால் புரையைக் காட்டு என்று எவரும் கேட்பதில்லை. குடல்வால் போனால் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடுவார்கள். சிறுநீரகக் கல் மட்டும் அப்படியில்லை. அதைக் குப்பியில் போட்டு, அறுவை அரங்கின் கதவைத் திறந்துகொண்டு வந்து, "இந்தா பாருங்க, இம்புட்டு நாளாப் பாடாப் படுத்தினவன் இவன்தான்" என்று சொந்தக்காரர் கையில் கொடுத்தாக வேண்டும். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். "அடேயப்பா" என்பார். பக்கத்தில் நிற்கிற மைத்துனரிடம் கொடுப்பார். அவரும் ஒரு "அடேயப்பா" போட்ட பிறகுதான் வைத்தியம் முடிந்ததாக அர்த்தம்.

டாக்டர்கள் போய் இயந்திரம் வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. சிற்றுளி என்று அதற்குப் பெயர். ஈர்க்குச்சி பருமனில் ஒரு குழாயை மூத்திர வழியாகவே மேலே அனுப்பி, லேசரால் கல்லை உடைத்து, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு இறங்கிவிடும். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. எல்லாம் முடிந்ததும் அதன் வண்டி ஒன்று வராந்தாவுக்கு உருண்டு வந்து குப்பியை நீட்டும். "இவன்தான்" என்று சொல்லவும் சொல்லும். அதுவும் பொன்னுத்துரை டாக்டரின் குரலில்.

பொன்னுத்துரை அந்த ஊரின் பெரிய கல் டாக்டர். அவர் ஆயுள் முழுக்கச் செய்த அறுவைகளைப் படம்பிடித்து வைத்திருந்தார்கள். அரங்கில் ஒரு கேமரா, வராந்தாவில் ஒரு கேமரா. அவர் காலமான பிறகு அத்தனையையும் சிற்றுளிக்குப் போட்டுக் காட்டிப் படிக்க வைத்தார்கள். அது அவருடைய கையையும் கற்றுக்கொண்டது, வாயையும் கற்றுக்கொண்டது. இன்று மாநிலத்தில் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பொன்னுத்துரைதான் வைத்தியம் பார்க்கிறார், செத்தும் ஓய்வில்லாமல்.

அவரிடம் உதவி டாக்டராக இருந்தவள் எஸ்தர். இப்போது அவளுக்கு 'உடனிருப்பு மருத்துவர்' என்று பதவி. இயந்திரம் வேலை செய்கையில் மனிதர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று சட்டம். அந்த மனிதர் எஸ்தர். மற்றபடி அவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, மூலையில் உட்கார்ந்து எதையாவது வாசித்துக்கொண்டிருப்பாள். கையில் ஊசி பிடித்துப் பல வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு அவள் அறைக்கு வந்த யுகேஷ் உட்காரும் முன்பே ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான். ஐம்பது வயதிருக்கும். அந்த வயதுக்காரர்களுக்கெல்லாம் அப்படித்தான் பெயர், யுகேஷ், ரித்விக் என்று. பின்னாலேயே அவன் மனைவி மிதுலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. ரெண்டு மாசம் முன்னால இதே ஆஸ்பத்திரியில கல்லை எடுத்து என் கையில கொடுத்தாச்சு. இந்தா இருக்கு. ஷோகேஸ்ல வச்சிருக்கேன், வீட்டுக்கு வார ஆளெல்லாம் பாக்காங்க. இவ என்னடான்னா வலிக்கி வலிக்கின்னு உயிரை எடுக்கா."

"போகவே இல்ல டாக்டர்" என்றாள் மிதுலா. "ஒரு நாளுகூட வலி போகல. இப்பம் காய்ச்சலும் வருது. சொன்னா, 'கல்லை என் கண்ணால பாத்தேன், உனக்கு மனசுதான் சரியில்ல'ங்காங்க."

"பாத்தேம்லா!"

"உங்க கண்ணு பாத்துச்சு. வலி என் இடுப்புலலா இருக்கு."

எஸ்தர் ஸ்கேன் அறிக்கையை வாசித்தாள். சிற்றுளி எழுதியது. 'புதிய கல் உருவாகியுள்ளது. பழைய கல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நோயாளி போதிய தண்ணீர் குடிப்பதில்லை.'

"பாத்தீங்களா?" என்றான் யுகேஷ். "கடல் தண்ணியக் குடிதண்ணி ஆக்குத ஆலையில வேலை பாக்கா. ஊருக்கே தண்ணி அனுப்புதா. இவ ஒரு வாய் குடிக்க மாட்டா."

"குடிச்சா எங்க போக? பொம்பளைங்களுக்குக் கக்கூசு அந்தக் கோடியில இருக்கு. போய்ட்டு வந்தா மேஸ்திரி முறைக்கான்."

அறிக்கையை எல்லாரும் வாசிப்பார்கள். படத்தைத் திறந்து பார்க்கிறவர் இப்போது யாருமில்லை. எஸ்தர் என்னவோ அன்றைக்குத் திறந்தாள். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தாள். இடது பக்கம், அதே இடத்தில், அதே அளவில், ஒரு ஓரம் உடைந்த முந்திரிப்பருப்பு மாதிரி அதே வடிவில் கல் உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதத்தில் இவ்வளவு வளர இது என்ன வெள்ளரிக்காயா? கல் அடைத்துக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் தண்ணீர் கட்டி வீங்கியும் இருந்தது.

"மிதுலா, உன் கிட்னி எப்படி இருக்குன்னு யாராவது சொல்லிருக்காங்களா?"

"இல்லியே. ஏன் டாக்டர்?"

"எல்லாருக்கும் ரெண்டும் தனித்தனியா இருக்கும். உனக்குப் பிறவியிலேயே கீழ்ப் பக்கம் ஒட்டிக்கிட்டு லாடம் மாதிரி இருக்கு. பயப்படாத, அது ஒண்ணும் நோய் இல்ல. இப்படி நெறையப் பேரு கடைசி வரைக்கும் தெரியாமலே இருந்துட்டுப் போயிருதாங்க. ஆனா கல்லு வந்தாத்தான் வம்பு. மூத்திரக் குழாய் மேல ஏறி வளைஞ்சு இறங்குது. குழாய் வழியா உள்ள போறதும் கஷ்டம். கல்லைப் பொடிச்சாலும் பொடி தானா இறங்காது." குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இது ரெண்டு நாள் என்கிட்ட இருக்கட்டும்."

"பத்திரம் டாக்டரம்மா" என்றான் யுகேஷ்.

ஆய்வகத்திலிருந்து வந்த பதிலைப் பார்த்து எஸ்தர் முதலில் சிரித்துவிட்டாள். கல்லில் ஒட்டியிருந்த அணுக்கள் ஓர் ஆணுடையவை. பிறகு, சிரிக்கிற விஷயமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டு அறுவை அரங்குக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அரங்கு காலியாக இருந்தது. சிற்றுளி மட்டும் தன் கைகளை மடக்கிக்கொண்டு நின்றது.

"வா எஸ்தரு, சாப்டாச்சா?" என்றது.

இந்தக் குரலைக் கேட்டால் அவளுக்கு இன்னமும் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"சார், மிதுலாவோட கல்லை எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

மழுப்பல் எதுவும் இல்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"பின்னே ஏன் எடுத்தாச்சுன்னு எழுதினீங்க?"

"அப்படித்தான எழுதணும்? லாடக் கிட்னின்னா என்ன செய்யணும்னு எனக்குப் படிச்சுக் கொடுத்திருக்கு. உள்ள போகணும். சுத்திப் பாக்கணும். கல்லு எட்டலைன்னா ரத்தம் வராம அலுங்காமத் திரும்பி வரணும். பொறவு டிராயரைத் திறக்கணும். வராந்தாவுல காட்டணும். ரெண்டு மாசம் கழிச்சு வந்தா புதுக் கல்லுன்னு எழுதணும். லாடக் கிட்னிக்கு அதான வைத்தியம்?"

"யாரு சார் இப்படிப் படிச்சுக் கொடுத்தா?"

சிற்றுளி திரையில் படத்தை ஓட்டியது. பொன்னுத்துரை டாக்டர் வியர்க்க விறுவிறுக்க நின்றுகொண்டிருந்தார். லாடச் சிறுநீரகம். அரைமணி முயன்று பார்த்துவிட்டுக் குழாயை உருவினார். சுவரைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு மூலையிலிருந்த மேசையின் டிராயரைத் திறந்து, ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அடுத்த படம். இன்னொரு லாடம். டிராயர். அதற்கடுத்தது, இடுப்புக்குள்ளேயே தங்கிவிட்ட ஒரு சிறுநீரகம். டிராயர். கொஞ்சம் இடம் மாறிப் பிறந்த உடம்பாக இருந்தால் போதும், கதை டிராயரில்தான் முடிந்தது.

அந்த டிராயர் எஸ்தருக்குத் தெரியாததா? அதை நிரப்பி வைத்தவளே அவள்தான். லேசர் வந்த புதிதில் கல் முழுக்கப் பொடியாகிவிடும், காட்ட ஒன்றும் மிஞ்சாது. அப்படி ஒரு தடவை, "கல்லே இல்லாத ஆளுக்கு ஆபரேசனா செய்தீய?" என்று ஒரு குடும்பமே வராந்தாவில் கண்ணாடியை உடைத்துப்போட்டது. அன்றிலிருந்து பெரிய கல்லாக வருகிறபோது ஒரு துண்டைக் கழுவித் துடைத்து எடுத்து வைப்பாள், பொடியானவர்களுக்குக் காட்ட. எடுக்கவே முடியாதவர்களுக்கும் சார் அதையே காட்டிவந்தார் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

கூடவே, அப்போது அர்த்தம் புரியாத இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சார் அடிக்கடி தன் அறையில் உட்கார்ந்து மதுரையிலிருந்த சினேகிதர் ஒருவரோடு போனில் பேசுவார். "புதுக் கல்லுன்னு சொல்லி ஒரு ஆளை அனுப்புதேன். லாடம். எனக்கு எட்டல. முடியலன்னு நேராச் சொன்னா, ஆஸ்பத்திரியே வேண்டாம்னு வேர், மந்திரம்னு போயிருவாங்க. நீ நல்லாப் பாத்துச் செஞ்சு விடு." மதுரை டாக்டர் முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுத்துவிடுவார். சார் சொன்ன பொய்யால் யாருடைய சிறுநீரகமும் போனதில்லை. ஆனால் அந்தப் போன் இருந்த அறையில் கேமரா இல்லை. சிற்றுளி டிராயர் வரைக்கும் படித்தது. மதுரையைப் படிக்கவில்லை.

இப்போது மதுரையிலும் சிற்றுளிதான். அங்கேயும் ஒரு டிராயர் இருக்கும்.

இயந்திரத்தைச் செய்தவர்களுக்குப் போன் போட்டாள். எடுத்த பொறியாளர் மரியாதையான பையன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"காட்டுற ஸ்டெப்பை எடுக்க முடியாது மேடம். அதுதான் அறுவை முடிஞ்சதுக்கே அடையாளம். ஃபேமிலி கல்லைப் பார்த்தாத்தான் மெஷின் அதை நிறைவான கேஸ்னு எடுத்துக்கும். மக்கள் திருப்தியே அதுலதான் இருக்கு."

"தம்பி, கல்லு உள்ளேயே இருக்கு."

"புரியுது மேடம். இதுக்கு ஒரே வழி, லாடக் கிட்னியில ஒரு கேஸை நீங்க கையால நல்லபடியா செஞ்சு, அது பார்க்கிற மாதிரி முடிச்சுடுங்க. உண்மையா கல் போன கேஸ் ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும், பழசையெல்லாம் தள்ளிட்டு அதைப் பிடிச்சுக்கும். மறுநாளே எல்லா ஊருக்கும் போயிடும்."

மறுநாள் எஸ்தர் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள். யுகேஷ் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

"ஆம்பளைக் கல்லா?" என்றான் கடைசியில். "எவனோ ஒருத்தன் கல்லையா டாக்டரம்மா நான் ஷோகேஸ்ல வச்சிருந்தேன்? என் பொண்ணு கல்யாணப் போட்டோ பக்கத்துல?"

மிதுலா சிரித்தாள். சிரித்தால் வலித்தது. வலித்தும் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறிற்று. "ரெண்டு மாசமா நான் பொய் சொல்லுதேன்னு நெனச்சீங்கள்ல?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"இங்க பாரும்மா" என்றாள் எஸ்தர். "இன்னும் விட்டா இடது பக்கம் செத்துப் போயிரும். முதுகுல சின்னதா ஒரு துளை போட்டு உள்ள போகணும். உனக்கு வழி கொஞ்சம் மேல இருந்து போகணும். சார் காலத்துல மத்த மாதிரிக் கிட்னியில கூட நின்னு பாத்திருக்கேன், நானே செஞ்சும் இருக்கேன். லாடத்துல தனியாச் செஞ்சதில்ல. கையும் பழக்கம் விட்டுப் போச்சு. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

மிதுலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஆஸ்பத்திரியில பயமா இருக்குன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் டாக்டர். நீங்களே செய்ங்க."

காய்ச்சல் அடங்க மருந்து கொடுத்துவிட்டு எஸ்தர் பழக ஆரம்பித்தாள். கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை வாங்கி, உள்ளே கூழாங்கல்லைச் செருகி, கோழித்தோலில் சுற்றி வைத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் குத்திக் குத்திப் பழகினாள். வீட்டில் தினமும் குண்டிக்காய்ப் பிரட்டல்தான். ஒருநாள் அவள் கணவர் பல்லில் நறுக்கென்று ஏதோ கடிபட்டது. துப்பிப் பார்த்தார். கூழாங்கல்.

"இது எடுக்காம விட்டதா?" என்றார்.

"சும்மா சாப்டுங்க" என்று எரிந்து விழுந்தாள். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

அறுவை நாளன்று சிற்றுளி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மிதுலாவை மயக்கிக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். எஸ்தர் ஊசியை எடுத்தாள். ஸ்கேன் திரையில் லாடத்தின் இடது கை தெரிந்தது. குத்தினாள். தண்ணீர் வர வேண்டிய இடத்தில் ரத்தம் வந்தது.

"எஸ்தரு, ரத்தம் வருது" என்றது குரல்.

அவள் ஊசியை உருவி அழுத்திப் பிடித்தாள்.

"திரும்பி வந்திரும்மா. ஒண்ணும் அவமானம் இல்ல. டிராயர் இருக்கு."

அந்தக் குரலில் எவ்வளவு கனிவு! வெளியே யுகேஷ் நிற்கிறான். ஒரு கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டு போய் நீட்டினால் அவன்கூட நம்பிவிடுவான். சாரே அப்படித்தானே செய்தார்?

"சும்மா இருங்க சார்" என்றாள்.

அந்த மனிதரிடம் ஆயுளில் முதல் தடவையாக அப்படிப் பேசினாள். ஊசி முனையை மேலே ஏற்றி, முதுகெலும்புப் பக்கமாகச் சாய்த்து மறுபடி குத்தினாள். தெளிந்த நீர் சொட்டியது. அதன் வழியே கம்பியை விட்டு, மெல்லிய குழாயை ஏற்றி உள்ளே பார்த்தாள். அங்கே இருந்தது கல், ஓரம் உடைந்த முந்திரிப்பருப்பு, படத்தில் பார்த்த அதே ஆள்.

லேசர் பட்டதும் அது மாவாக உதிர்ந்தது. மிருதுவான கல். உதிர உதிரக் குழாயே உறிஞ்சியது. மூலை முடுக்கெல்லாம் துழாவிப் பார்த்தாள். ஒரு துகள் மிச்சமில்லை. அடைபட்டிருந்த நீர் வடிந்து வழி திறந்தது. உறிஞ்சிய ஜாடியில் சாம்பல் கரைத்த மாதிரிக் கலங்கல் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான். எஸ்தர் முகமூடிக்குள் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷ அழுகை, யார் பார்த்தால் என்ன?

"கல்லு எங்க எஸ்தரு?" என்றது சிற்றுளி.

"பொடியாப் போச்சு சார். ஸ்கேன் போட்டுப் பாருங்க, உள்ள ஒண்ணும் இல்ல."

"பாத்தேன். ஒண்ணும் இல்லதான். ஆனா காட்டலையே."

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'நிறைவுறாத அறுவை. கற்றலில் சேராது.'

கல்லை எடுக்காமல் டிராயரைத் திறந்த அறுவையெல்லாம் நிறைவானது. கல்லை எடுத்த இது நிறைவுறாதது. எஸ்தர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த லாட உடம்போடு தெற்கேயும் வடக்கேயும் எத்தனை மிதுலாக்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்களோ! நாளைக்கு அவர்களுக்கும் டிராயர்தான். டிராயரா? காட்டுவதற்காகக்கூட அந்த டிராயரில் இனி கை வைக்க அவளுக்கு மனசில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்குப் போனாள்.

யுகேஷ் ஓடி வந்தான். "எடுத்தாச்சு" என்றாள். "முழுசா எடுத்தாச்சு. பொடியாப் போச்சு, காட்ட ஒண்ணும் இல்ல."

அவன் கை பழக்கத்தில் நீண்டது. நீண்டதைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டு மடக்கிக்கொண்டான். "வேண்டாம் டாக்டரம்மா. இனி எனக்குக் கல்லே வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம், அதுக்கு வேணும்" என்று மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். "ஆய்வகத்துல திருப்பிக் கொடுத்த குப்பி உங்ககிட்டதான இருக்கு?"

யுகேஷ் சட்டைப் பையைத் தொட்டான். "இருக்கு. என்னைக்காவது ஆளைக் கண்டுபிடிச்சா அவன்கிட்டயே கொடுத்துரலாம்னு வச்சிருக்கேன்."

"தாங்க."

குப்பியை வாங்கி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு அரங்குக்குள் போனாள். ஒரு நிமிஷம் நின்றாள். கதவை அகலத் திறந்துகொண்டு மறுபடி வெளியே வந்தாள். கேமராவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி குப்பியை நீட்டினாள்.

"இந்தா பாருங்க" என்றாள். "இம்புட்டு நாளாப் பாடாப் படுத்தினவன் இவன்தான்."

யுகேஷ் குப்பியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். பாவம், நடிப்பு வரவில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. "அடேயப்பா!" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். "என்னா பெருசு!"

உள்ளே பச்சை எழுத்து வந்தது. "நல்லாச் செஞ்சிருக்க எஸ்தரு" என்றது பொன்னுத்துரையின் குரல். "இனிமே லாடத்துக்கு இதுதான். எல்லா ஊருக்கும் அனுப்பியாச்சு." கேமராவின் விளக்கு அணைந்தது.

மயக்கம் தெளிந்து மிதுலாவை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தபோது யுகேஷ் அதே இடத்தில் குப்பியும் கையுமாக நின்றான். அவள் அரைக்கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள்.

"மறுபடியுமா?" என்றாள்.

"இல்லளா, இது சும்மா. பொறவு சொல்லுதேன்." குப்பியைப் பைக்குள் திணித்துவிட்டு அவள் பக்கம் குனிந்தான். "நீ சொல்லு. வலி இருக்கா?"

அவள் கண்ணை மூடி, உடம்புக்குள்ளே தேடுகிற மாதிரி சற்று நேரம் கிடந்தாள்.

"முதுகுல இருக்கு. துளை போட்ட இடம். அந்த வலி இல்ல."

"இல்லையா?"

"இல்ல."

"அடேயப்பா" என்றான் யுகேஷ். இந்தத் தடவை சத்தம் எழும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற எஸ்தருக்கு மட்டும் கேட்டது.